பளபளப்பு ஸ்ப்ரே: டேஷ்போர்டைக் காக்கிறதா, கெடுக்கிறதா?

வண்டி பிளாஸ்டிக்குக்கு அடிக்கும் பாதுகாப்பு ஸ்ப்ரே பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு கட்சி உண்டு. "அடிக்காமல் விட்டால் டேஷ்போர்டு காய்ந்து வெடித்துவிடும்" என்பது ஒன்று. "அடித்ததால்தான் வெடித்தது, அதில் பளபளப்புக்காகக் கலக்கும் சிலிக்கோன் எண்ணெய் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும்" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் ஒரே டப்பாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் டப்பாவும் வேறு, பிளாஸ்டிக்கும் வேறு.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் நீர்க்கலவை ஸ்ப்ரே பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை. லேபிளில் சொல்லும் அளவுக்குக் காப்பதுமில்லை. அது கொடுப்பது முக்கியமாக நிறமும் பளபளப்பும்தான். கெடுதல் வருவது பெட்ரோலியக் கரைப்பான் கலந்த சரக்கால், அடிக்கக்கூடாத இடத்தில் அடிப்பதால், அளவு தெரியாமல் அடிப்பதால்.

முதலில் எந்த பிளாஸ்டிக் என்று தெரியவேண்டும். கழற்ற முடிந்த எந்தப் பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கோணக்குறிகளுக்கு நடுவே பொருளின் பெயர் அச்சாகி இருக்கும். 'பிபி-டிடி20' என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், அதில் 20 சதவீதம் டால்க் தூள். 'பிபி+இபிடிஎம்' என்றால் ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன். பம்பர்கள் பெரும்பாலும் இதுதான். 'ஏபிஎஸ்', 'பிசி+ஏபிஎஸ்' என்பவை ஏசி வென்ட், சென்டர் கன்சோல் மாதிரி கெட்டியான பாகங்கள். 'பிவிசி' என்றால் வைனில், நாம் ரெக்சின் என்று சொல்லும் சீட் துணியின் மேல்பூச்சும் பெரும்பாலும் அதுவே. விலை குறைந்த வண்டிகளின் டேஷ்போர்டு பெரும்பாலும் கெட்டி பாலிபுரொப்பிலீன். அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கும் டேஷ்போர்டு என்றால், மேலே வைனில் தோலோ அது மாதிரி இன்னொரு மென்தோலோ இருக்கும், அடியில் பாலியூரித்தேன் நுரை இருக்கும்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், "காய்ந்து போவது" என்பது வைனிலுக்கு மட்டுமே உண்மையாகப் பொருந்தும். பிவிசி இயல்பில் குழாய் மாதிரி விறைப்பான பொருள். அதைத் தோல் மாதிரி வளையவைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைத் தயாரிக்கும்போதே கலக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய மூடிய காரில் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம் படியும் அந்த எண்ணெய்ப் படலம், துடைத்தால் இழுவிக்கொண்டு போகிறதே, அதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், நுரை, பசை இவற்றிலிருந்து ஆவியாகி வந்ததுதான். மீதி பிளாஸ்டிசைசரில் ஒரு பகுதி அடியிலுள்ள நுரைக்குள் நகர்கிறது. அந்த நுரையைத் தயாரிக்கப் பயன்பட்ட அமீன் வினையூக்கிகளின் மிச்சமும் வைனிலைப் பின்னாலிருந்து தாக்கும். இழந்த அளவுக்கு வைனில் சுருங்கும். சுருங்க இடமில்லாமல் இழுபட்டு நிற்கும் இடங்களில்தான் வெடிப்பு முதலில் வரும்: டீஃப்ராஸ்டர் வென்ட்டின் (முன்கண்ணாடிக்குக் காற்று விடும் துளை) மூலைகள், ஸ்பீக்கர் ஓட்டை ஓரம், ஏர்பேக் மூடியின் கோடு. அடுத்த முறை வெடித்த டேஷ்போர்டு ஒன்றைப் பார்த்தால் விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள்; நட்ட நடுவில் அநேகமாக இருக்காது.

ஆவியாதல், அடியில் நுரைக்குள் நகர்தல், பின்னாலிருந்து வரும் தாக்குதல். மேலே பூசும் எதுவும் இந்த மூன்றையும் நிறுத்தாது. போன பிளாஸ்டிசைசரைத் திரும்ப ஊட்டவும் ஸ்ப்ரேயால் முடியாது. சிலிக்கோன் எண்ணெய் பிவிசிக்குள் இறங்குவதில்லை, மேலேயே நிற்கும். அதே காரணத்தால்தான் எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டும் நிற்காது. சிலிக்கோன் எண்ணெயும் வழக்கமான பிளாஸ்டிசைசர்களும் ஒன்றோடொன்று எளிதில் கலக்காதவை. மெல்லிய சிலிக்கோன் படலம் பிளாஸ்டிசைசரை வெளியே இழுத்துவிடும் என்பது வேதியியலுக்கு ஒத்துவராத பயம். "ஸ்ப்ரேயை நிறுத்தியதும் வெளுத்துவிட்டது, பிளாஸ்டிக்கைப் பழக்கப்படுத்திவிட்டது" என்று சிலர் சொல்வதற்கும் விளக்கம் எளிது. ஏற்கனவே வெளுத்திருந்ததை எண்ணெய் மறைத்திருந்தது. எண்ணெய் போனதும் தெரிகிறது.

அந்த மறைப்பு நடக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். பழசான பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள், அவற்றுக்குள் காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிபுரொப்பிலீனுடையது ஏறத்தாழ 1.49. இந்த வித்தியாசம்தான் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டுகிறது. சிலிக்கோன் எண்ணெயின் எண் 1.40. விரிசலில் அது நிறைந்ததும் சிதறல் குறைந்து கறுப்பு திரும்புகிறது. வெறும் தண்ணீர் பட்டாலும் நரைத்த பம்பர் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். உங்கள் பம்பர் தண்ணீர் பட்டதும் நன்றாகக் கறுத்தால் எந்த ஸ்ப்ரே அடித்தாலும் கறுக்கும். எத்தனை மழை தாங்கும் என்பதுதான் கேள்வி.

புற ஊதாக் கதிர்

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் வாக்குறுதி இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 மில்லி ஸ்ப்ரேயைச் சீராகத் தேய்த்தால் ஈரப் படலத்தின் தடிமன் 5 மைக்ரான். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், காய்ந்தபின் மிஞ்சுவது அரை மைக்ரான். மனிதத் தோலுக்கான சன்ஸ்கிரீனைச் சோதிக்கும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட 20 மைக்ரான் படலம். கதிரை உறிஞ்சும் திறன், உறிஞ்சும் பொருளின் செறிவையும் படலத்தின் தடிமனையும் பொறுத்தது. 20 மைக்ரானே சில மணி நேரத்துக்குத்தான் என்கிறபோது, அரை மைக்ரானிடம் மாதக்கணக்கில் எதிர்பார்ப்பது அதிகம். உறிஞ்சும் பொருளும் வெயிலில் தானே சிதைந்துகொண்டு வரும். வெளிப்புறத்தில் என்றால் மழையும் கழுவலும் சேரும். புற ஊதா உறிஞ்சி உண்மையிலேயே கலந்த நல்ல சரக்காக இருந்தால் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடித்துவிட்டு "பாதுகாப்பு" என்று நினைத்தால் அது மனத் திருப்திதான்.

இன்னொன்று: டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்குப் புற ஊதா பெரிய எதிரியே இல்லை. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அது புற ஊதாவை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கடினக் கண்ணாடி. அவை வழியாக யுவி-ஏ என்ற புற ஊதா வகை கணிசமாக உள்ளே வரும். அதனால் புற ஊதா அடி வாங்குவது கதவுப் பலகையின் மேல்விளிம்பும், பக்கவாட்டு சீட்டுகளும், பின்பக்க ஷெல்ஃபும். டேஷ்போர்டைக் கொல்வது சூடு. வேதிவினைகள் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ பாதி வேகத்தில் நடக்கும் என்பது பொதுவான கணக்கு. முன்கண்ணாடிக்குள் விரிக்கும் சாதாரண வெள்ளித் திரை ஒன்று டேஷ்போர்டுக்குச் செய்யும் உதவியை எந்த டப்பாவும் செய்யாது. திரையைக் கண்ணாடியோடு ஒட்டி, பளபளப்புப் பக்கம் வெளியே பார்க்கும்படி வைக்கவேண்டும். டேஷ்போர்டு மேல் படுக்கப்போட்டால் பாதிப் பலன் போய்விடும். திரை வைக்கிறவர்கள் ஸ்ப்ரே அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

டப்பாவுக்குள் என்ன

லேபிளைவிட அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள் நேர்மையானது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். அதில் 3-ஆம் பிரிவு உட்பொருள், 9-ஆம் பிரிவு இயற்பியல் குணங்கள். பெட்ரோலியம் டிஸ்டிலேட், நாப்தா, ஹைட்ரோகார்பன் என்ற பெயர்கள் 3-ல் இருந்தாலோ, 9-ல் தீப்பற்றும் நிலை அறை வெப்பத்தை ஒட்டி இருந்தாலோ, அது கரைப்பான் சரக்கு. இந்தக் கரைப்பான்கள் வைனிலிலிருந்து பிளாஸ்டிசைசரைப் பிரித்தெடுக்கக்கூடியவை. இபிடிஎம் ரப்பரை ஊதவைக்கும். சிலிக்கோன் மேல் விழும் பழியில் பாதி உண்மையில் இவற்றுக்குச் சேரவேண்டியது. பெரும்பாலான ஏரோசால் டப்பாக்களில் தள்ளுவாயுவே புரொப்பேன், பியூட்டேன். தீப்பற்றும் சரக்கு என்பது ஒருபுறம். 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அந்த டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தாள் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே இரண்டு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்குங்கள். முழுவதும் வெண்மையாகக் கலந்தால் நீர்க்கலவை. மேலே எண்ணெயாக மிதந்தால் கரைப்பானோ வெறும் எண்ணெயோ. அடுத்தது, கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் நான்கைந்து சொட்டு விட்டு, விரலால் பரப்பி, ஒரு இரவு தூசி படாமல் மூடிவையுங்கள். காலையில் விரல் வைத்தால் வழுக்கினால் அது காயாத எண்ணெய். டேஷ்போர்டிலும் அப்படியேதான் ஈரமாக இருந்து தூசியைப் பிடிக்கும். உலர்ந்த மெல்லிய தோலாக நின்றால் பாலிமர் சரக்கு. உள்புறத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் வைத்துத் துடைக்கும் வழக்கமும் இருக்கிறது. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டு சிக்கு ஏறிப் பிசுபிசுக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் மேலே சொன்ன கரைப்பான் வகையறாவேதான். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கலாம், இது விளையாட்டில்லை.

எங்கே அடிக்கக்கூடாது

ஸ்டீயரிங், பெடல், கியர் பிடி, பைக் சீட், பைக்கின் கால்வைக்கும் ரப்பர், டயரின் தரையில் படும் பகுதி: வழுக்கும், அவ்வளவுதான் காரணம், போதுமான காரணம். சக்கரத்துக்கு அடிக்கும்போது பிரேக் டிஸ்க் மேல் சாரல் பட்டால் பிடிமானம் போய்விடும்.

மீட்டர் கிளஸ்டரின் மூடி, டச் ஸ்கிரீன் இவற்றுக்கு ஸ்ப்ரேயும் வேண்டாம், ஆல்கஹால் கலந்த கிளீனரும் வேண்டாம். கிளஸ்டர் மூடி அக்ரிலிக்காக இருந்தால் ஆல்கஹால் பட்டதும் மயிரிழை விரிசல்கள் விடும். பாலிகார்பனேட் என்றால் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. ஈரமாக்கிப் பிழிந்த துணி போதும்.

டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்குப் பளபளப்பு வகையை அடிக்கவே கூடாது என்பேன். எதிர்வெயிலில் ஓட்டும்போது டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் வெள்ளைத் திரையாக விழும். நிழலில் நிற்கும் ஆள் அதில் மறைந்துவிடுவார். மேட் ஃபினிஷ் என்று போட்டதை வாங்குங்கள். அதையும் துடைத்து எடுத்தபின் ஈரத் தோற்றம் மிஞ்சக்கூடாது.

சுவிட்சுகளுக்கு நேரே அடிக்கவேண்டாம். உள்ளே போகும் சிலிக்கோன், தொடுமுனைகளில் பொறி பறக்கும்போது சிதைந்து சிலிக்கா ஆகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. பவர் விண்டோ சுவிட்ச் காரணமில்லாமல் விட்டுவிட்டு வேலை செய்வதற்கு இதுவும் ஒரு வழி. எஞ்சின் பேயில் பளபளப்புக்காக அடிப்பதும் தேவையில்லாத வேலை. இஞ்சின் ஓடும்போது அடித்து அந்த ஆவி இன்டேக்குக்குள் போனால் ஆக்ஸிஜன் சென்சார் மேல் சிலிக்கா படிந்து சென்சார் வீணாகும். சூடான மேனிஃபோல்டு (எஞ்சின் புகை வெளியேறும் குழாய்) மேல் ஏரோசால் என்றால் சென்சாரைப் பற்றிக் கவலைப்பட நேரமிருக்காது.

பெயின்ட் வேலை வரப்போகிறது என்றால் அந்த வண்டியின் பக்கத்தில்கூட சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் சுற்று, தண்ணீருடையது 72. இவ்வளவு குறைந்த இழுவிசையுள்ள ஒரு புள்ளி இருந்தால் போதும், புது பெயின்ட் அங்கே ஒட்டாமல் வட்டமாக விலகி நிற்கும். பெயின்டர்கள் 'ஃபிஷ் ஐ' என்பது இதைத்தான். அடித்த பாகம் என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, பிறகு சிலிக்கோன் ரிமூவரை ஒரு துணியால் பூசி, காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் எடுக்கவேண்டும். ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் எண்ணெயை ஊர் முழுக்கப் பரப்பியதுதான் மிச்சம். தேய்ப்புத்தாள் இதற்கெல்லாம் பிறகுதான். முன்னாலேயே தேய்த்தால் சிலிக்கோன் கீறலுக்குள் இறங்கிவிடும்.

சில வண்டிகளில் பொத்தான்களும் கதவுப் பிடியும் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அது அழுக்கில்லை. மென்மையாகத் தெரிய அடித்த பாலியூரித்தேன் பூச்சு, சூட்டிலும் ஈரத்திலும் நீராற்பகுப்பு ஆகி, அதாவது நீரால் சிதைந்து, இளகியிருக்கிறது. அதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாள் சரியானது போலிருந்து இன்னும் மோசமாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, மறைவான மூலையில் சோதித்துவிட்டு, பூச்சையே முழுவதும் துடைத்து எடுத்துவிடுவதுதான் வழி. அடியில் கெட்டி பிளாஸ்டிக் வெறுமையாகத் தெரியும். பொத்தானின் எழுத்துகளும் சேர்ந்து போகலாம் என்பதை யோசித்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடிப்பதென்றால்

பலனில் பெரும்பகுதி சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. வண்டி நிழலில் இருக்கவேண்டும், பிளாஸ்டிக் தொட்டால் சூடு தெரியக்கூடாது. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தானியக்கோடுகளுக்குள் (பிளாஸ்டிக்கின் மேல் தோல் மாதிரி அச்சான நுண்வரிகள்) இருக்கும் தூசியைக் கிளப்பி வேக்குவம் போடுங்கள். தூசியோடு ஈரத்துணி வைத்தால் மணல் தேய்த்த மாதிரி ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி மிதமான ஷாம்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பழைய ஸ்ப்ரே ஏறியிருந்தால் துணி வழுக்கிக்கொண்டே போகும். துணி லேசாகப் பிடித்து இழுக்கும்வரை, தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் பரவும்வரை திரும்பச் செய்யவேண்டும். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, பிறகு உலர்ந்த துணி. பத்து நிமிடம் காயட்டும்.

ஸ்ப்ரேயைப் பிளாஸ்டிக் மேல் அடிக்காமல் துணியில் அடியுங்கள். முழு டேஷ்போர்டுக்கும் நான்கைந்து அழுத்து போதும். ஒரு பகுதியைத் தேய்த்து முடித்து, ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த சுத்தமான துணியால் மிச்சத்தை எடுங்கள். பலர் விடுவது இந்தக் கடைசித் துடைப்பைத்தான். பட்டை பட்டையாகத் தெரிவதும், தூசி ஒட்டுவதும், கண்ணாடியில் படலம் படிவதும் அதனால்தான். முடிந்ததும் ஒரு வெள்ளை டிஷ்யூவை அழுத்திப் பாருங்கள். கறை வந்தால் இன்னும் எடுக்கவேண்டியிருக்கிறது.

வெளியே இருக்கும் கறுப்பு டிரிம்முக்கு வேறு கதை. இங்கே புற ஊதா நேரடியாக அடிக்கிறது, பாலிபுரொப்பிலீனில் வெயிலைத் தாங்கக் கலந்த நிலைப்படுத்திகள் மேற்பரப்பில் தீர்ந்துபோய் நரைக்கிறது. ஸ்ப்ரே சில கழுவலில் போய்விடும். கெட்டியாக உறையும் சிலாக்சேன் (சிலிக்கோன் வகை) கோட்டிங்குகள் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் அடிக்கும் பரப்பில் எண்ணெய் துளிகூட இருக்கக்கூடாது, அடித்தபின் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, உறைவதற்குள் சமப்படுத்தி எடுக்காவிட்டால் திட்டுத்திட்டாக நின்று பிறகு தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். ஹீட் கன் வைத்துக் கறுப்பாக்குவது வேலை செய்யும். கெட்டுப்போன மேல்தோல் உருகிச் சமமாகி, சிதறல் குறைகிறது. ஆனால் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தானியக்கோடு அழிந்து பளிச்சென்று ஒரு திட்டு, பக்கத்து பெயின்ட்டில் கொப்புளம். தீர்ந்த நிலைப்படுத்தி திரும்ப வராததால் மறுபடி நரைப்பது முன்பைவிடச் சீக்கிரம்.

சிலிக்கோன் உண்மையிலேயே தன் வேலையைக் காட்டுவது கதவு பீடிங்கில், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையில். இபிடிஎம் ரப்பரைச் சிலிக்கோன் ஒன்றும் செய்யாது, ஒட்டிக்கொள்வதையும் கிறீச்சென்று கத்துவதையும் நிறுத்தும். பீடிங்கைக் கழுவிக் காயவைத்து, சிலிக்கோன் கிரீஸைப் பட்டாணி அளவு துணியில் எடுத்து ஒரு கதவு முழுக்கத் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். டயர் ஓரத்தில் வரும் பழுப்பு நிறம், ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கக் கலந்த பொருள் வெளியே வந்து ஆக்ஸிஜனேற்றம் ஆவதால் வருவது. பிரஷ்ஷும் சோப்பும் போதும். கரைப்பான் டிரெஸ்ஸிங் அடித்தால் அந்தக் காப்புப் படலமே கழன்று போகும்.

ஏற்கனவே வெடித்த வைனிலுக்கு எந்த ஸ்ப்ரேயும் மருந்தல்ல. எண்ணெய் உள்ளே இறங்கினால், பிறகு ஃபில்லரும் (விரிசலை நிரப்பும் கலவை) பசையும் அங்கே ஒட்டாது. பழுது பார்க்கும் எண்ணம் இருந்தால் விரிசல் தெரிந்த நாளிலிருந்தே ஸ்ப்ரேயை நிறுத்திவிடுங்கள். விரிசல் ஏர்பேக் மூடியின் மேல் என்றால் ஃபில்லர், ஒட்டுத்துணி, மேலுறை எதையும் அங்கே வைக்கக்கூடாது. அந்த மூடி குறித்த கோட்டில், குறித்த விசையில் கிழியும்படி செய்யப்பட்டது. அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.